ஆச்சுங்க

வேலங்காட்டுவலசில் வேலாத்தாள் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் எது என்று கேட்டால் ஊரே ஒன்றுபோலச் சொல்லும்: ஆச்சுங்க. தண்ணீர் பிடித்தாயிற்றா? ஆச்சுங்க. வேலை முடிந்ததா? ஆச்சுங்க. சாப்பிட்டாயிற்றா? ஆச்சுங்க. இந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் அவள் பதில் பாதி நாள் உண்மையில்லை. அதற்காக அதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள், எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வரும். ஒருவர் சாப்பிட்டாயா என்பதும் மற்றவர் ஆச்சு என்பதும், ஒருவர் கும்பிடுவதும் மற்றவர் திருப்பிக் கும்பிடுவதும் மாதிரிதான். கும்பிட்டவனைப் பிடித்து நிறுத்தி, எங்கே உன் கையைக் காட்டு என்று யாராவது சோதிப்பார்களா?

அந்தச் சொல் அவளுக்குப் பழகியதற்கு ஒரு கிள்ளு காரணம். சிறு பிள்ளையில் அம்மா முத்தாயியோடு வெள்ளகோவிலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலிலேயே அத்தை வழக்கம்போல, சோறுண்டாச்சா கண்ணு என்று கேட்க, இவள் வெள்ளந்தியாக, இல்லை, பசிக்கிறது என்று சொல்லிவிட்டாள். அத்தையின் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு சிரித்தபடியே பின்பக்கமாகப் போய்ப் பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்றாக வாங்கிவந்து உலை வைத்தாள். முத்தாயி அங்கே போட்டதை உண்டுவிட்டு எழுந்தாள். திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போதுதான் மகளின் தொடையில், கன்றிப்போகிற மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"பசிக்குதுன்னா அவுங்க அடுப்பு பத்த வெக்கோணுமில்ல புள்ள. அவுங்க ஊட்ல என்ன இருக்குது, என்ன இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

கன்றிய இடம் நாலு நாளில் ஆறிவிட்டது. வேலாத்தாள் அதற்கப்புறம் யார் வீட்டு வாசலிலும் இல்லை என்று சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போய் வந்தாள். கைமடி வேலை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பதும், தைத்து விழுவதை வாங்கிப் பிசிறு வெட்டி அடுக்குவதுமாக நாள் போகும். கூட நின்ற பெண்கள் இந்தக் காலத்தில் வேலாத்தாள் என்று ஒரு பெயரா என்று கேலி செய்து வேலு ஆக்கிவிட்டார்கள். அவள் கோபிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் கொண்டுவராத நாளில் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டே இருப்பாள். வேலு, சாப்பிட்டியா என்று யாராவது கேட்டால் ஈர முகத்தோடு ஆச்சுங்கக்கா என்பாள். அந்தக் கம்பெனியில்தான் நல்லானும் ஓவர்லாக் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் தைத்ததற்கு இவள் பிசிறு வெட்டினாள். பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

கட்டிக்கொண்டு வந்த புதிதில் வேலங்காட்டுவலசில் அவளுக்கு வயிறார வாய்த்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லானுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. ஒரு மாடு, ஏழெட்டு ஆடு, நாலு கோழி. புரட்டாசியில் மழை இறங்கினால் கம்பும் கொள்ளும் வரும்; வரப்பில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் யாரும் விதைக்காமலே முளைக்கும். கூழுக்கு மோர் இருந்தது. அந்த இரண்டு மூன்று வருஷம் அவள் சொன்ன ஆச்சுங்க எல்லாம் சுத்தமான ஆச்சுங்க.

அப்புறம் வானம் மாறிப்போனது. வர வேண்டிய நாளில் மழை வரவில்லை. கதிர் முற்றி நிற்கும்போது வந்து கொட்டிக் கெடுத்தது. அடுத்த வருஷம் அதுவும் இல்லை. ஊர்ப் போர்க்கிணறு வற்றியது, காட்டில் புல் கருகியது. தீவனத்துக்கு வழியில்லாமல் மாடு சந்தைக்குப் போனது, அதன் பின்னாலேயே ஆடுகள் போயின. கடைசியில் மிஞ்சியது ஒரு செவலைக் கோழி. வெயில் ஏற ஏற அதுவும் முட்டையைக் குறைத்துக்கொண்டது. கோழிக்குக்கூட உடம்பில் இருந்தால்தானே வெளியே வரும்!

ரேஷன் அரிசி இருந்தது. அதை மறுத்தால் வாய் அழுகிவிடும். பட்டினி என்று யாரும் அந்த வீட்டைச் சொல்ல முடியாது. ஆனால் அரிசி மட்டும்தான் இருந்தது. காலையில் பழைய சோறு, மத்தியானம் ரசம் சோறு, பொழுது சாய்ந்தால் அதே ரசம் இன்னும் கொஞ்சம் தண்ணீரோடு. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. இந்தப் பசிக்கு எங்கள் ஊரில் பெயர்கூடக் கிடையாது. பெயரில்லாததை யாரிடம் போய் எப்படிச் சொல்வது?

இந்த நாளில்தான் அவர்கள் மகள் தமிழ்மதி வளர்ந்தாள். பெயர் வைத்தது நல்லான். வேலாத்தாள் மாதிரி பெயரால் கேலிப்படக் கூடாது என்று தேடி வைத்தான். அவன் கம்பெனியில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்தார்கள். சின்னக் கறை, கோணல் தையல் என்று ரிஜெக்ட் ஆகும் கவுன்களை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவான். மதிக்கு மூன்று முடிந்து நாலு நடந்துகொண்டிருந்தது. முதல் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த ரோஸ் நிறக் கவுன் அப்போதும் அவளுக்குச் சேர்ந்தது. நல்லானுக்கு அதில் பெருமை. நம்ம கம்பெனி துணி எத்தனை துவைத்தாலும் சுருங்காது பார் என்பான். அந்தக் கவுனின் கழுத்தில் அளவுச் சீட்டு அப்படியே இருந்தது. வேலாத்தாள் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. நல்லான் நாளெல்லாம் அந்தச் சீட்டை வைத்துத் தைக்கிறவன்தான். பார்த்தாலும், வெள்ளைக்காரப் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருக்கும், அந்த அளவு நமக்கு ஒத்துவராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான்.

ஆர்டர் குறைந்தபோது வேன் வாரத்தில் பாதி நாள் வரவில்லை. வேலாத்தாள் காங்கயம் ரோட்டில் ஒரு தேங்காய்க் களத்துக்குப் போனாள். உடைத்த தேங்காயை வெயிலில் பரப்பி, காய்ந்ததும் ஓட்டிலிருந்து பருப்பை நோண்டி எடுக்கும் வேலை. வெயில் அடித்தால்தான் களத்தில் வேலை. அந்த வெயில்தான் ஆளையும் கொல்லும். மதியை எங்கே விடுவது? பால்வாடி ஹைவேக்கு அந்தப் பக்கம், வெகுதூரத்தில் இருந்தது. அது திறப்பதற்குள் களத்தில் வேலை தொடங்கிவிடும். அதனால் பிள்ளையையும் களத்துக்கே கூட்டிப்போய் ஓட்டுக் குவியலின் நிழலில் உட்கார வைத்தாள். மதி காய்ந்த பருப்பின் துண்டுகளைச் சப்பிக்கொண்டு வெயில் நகர்வதற்குத் தக்கபடி நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்திருப்பாள். அழ மாட்டாள். சாதுவான பிள்ளை என்று களத்தில் எல்லோரும் மெச்சினார்கள். தெம்பில்லாத பிள்ளையும் சாதுவான பிள்ளையும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், நாம்தான் நல்ல பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

மாசி மாதத்தில் பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் அந்தச் சேதியைக் கொண்டுவந்தாள். ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்களாம். மழை இல்லாமலும் வெயிலாலும் எந்தெந்த ஊரில் சோற்றுக்குக் கஷ்டம், எந்தப் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கின்றன என்று சர்வே எடுக்க வருகிறார்கள். கஷ்டம் அதிகமான ஊர்களில், அந்த ஊருக்குள்ளேயே ஒரு பால்வாடி வைப்பார்கள். விடிந்ததும் பிள்ளையைக் கொண்டுபோய் விடலாம். மத்தியானம் பருப்பு சாதம், தினம் ஒரு முட்டை.

அன்றிலிருந்து வேலாத்தாளுக்கு வேறு நினைப்பே இல்லை. மதியைக் குளிப்பாட்டும்போது, பால்வாடிக்குப் போறியா கண்ணு, முட்டை தருவாங்க என்று கேட்பாள். பிள்ளை தலையை ஆட்டும். ஊரில் பூட்டிக் கிடந்த பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் இங்கேதான் வைப்பார்களோ என்று எட்டிப் பார்ப்பாள். சாமியிடம் அதிகம் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. இதை மட்டும் கேட்டாள்.

சர்வேக்கு வந்தது விஜயராணி. அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். அவள் அப்பா பெரியகருப்பன் மழையில்லாத காட்டைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். பெண்ணும் கம்பெனியில் தைத்த துணிக்கு அளவும் தையலும் செக்கிங் பார்த்தவள்தான். ஆர்டர் குறைந்து ஆளைக் குறைத்தபோது இந்த சர்வே வேலை கிடைத்தது. நல்ல பெண், வேலையில் நேர்மை. கேள்வியைப் போலீஸ்காரர் மாதிரி கேட்கக் கூடாது, பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை அவள் அப்படியே செய்தாள். அவள் ஊரில் யாரையாவது சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை, ஏன், போடப்போகிறாயா என்று பட்டென்று பதில் வரும். திருப்பூரில் எத்தனையோ வருஷம் இருந்தும் அவள் குடியிருந்தது தன் ஊர்க்காரர்களோடு லைன் வீட்டில். இப்படி ஒரு வலசில், சின்ன ஊரில், வீட்டு வாசலில் வந்து நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வெயில் உச்சிக்கு வந்த நேரம். அன்றைக்குக் களத்துக்குத் தேங்காய் வரவில்லை, வேலையும் இல்லை. ரோஸ் கவுனோடு மதி உள்ளே பாயில் ஈ உட்காராமல் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வியர்க்க வியர்க்க ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கிய விஜயராணி, சர்வேக்கு வந்திருக்கிறேன் என்றாள். வேலாத்தாள் சட்டென்று எழுந்தாள். வந்துவிட்டார்கள்! தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு சேரைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இந்தப் பெண் தன் ஊர் வழக்கப்படி உண்மையைச் சொல்லிவிட்டது.

"இல்லக்கா, காலைலேர்ந்து சுத்துதேன். இனிமேத்தான்."

அவ்வளவுதான். விருந்தாக வந்த ஒறம்பரை பசியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது வேலாத்தாள் சும்மா இருப்பாளா? விஜயராணி வேண்டாம் வேண்டாம் என்று எழுந்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோறு இருந்தது, ரசம் இருந்தது. வெறும் ரசத்தையா ஊற்றுவது? அரிசிப் பானைக்குள் ஒரு முட்டை இருந்தது. செவலைக் கோழி பல நாள் கழித்து இட்டது. மதி தூங்கி எழுந்ததும் அவித்துக் கொடுக்க வைத்திருந்தாள். முட்டை கிடக்கிற இடத்தை மதியே இரண்டு தடவை கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போயிருந்தாள். வேலாத்தாளின் கை பானைக்குள் போய்ச் சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு எடுத்துக் கல்லில் உடைத்து ஊற்றினாள்.

விஜயராணி சாப்பிட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். நேற்று ராத்திரி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டீர்களா என்றாள். ஆச்சுங்க. பிள்ளை சாப்பிட்டதா? ஆச்சுங்க. இந்த மாதத்தில் என்றைக்காவது சாப்பாடு பத்தாமல் யாராவது குறைத்துச் சாப்பிட்டீர்களா? அதெல்லாமில்லீங்க, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கறமுங்க. பால், பருப்பு? ஆச்சுங்க. முட்டை? விஜயராணி கேட்கும்போது அவள் கையில் முட்டை இருந்தது. இல்லை என்று சொன்னால் சாப்பிடுகிற பெண்ணுக்குத் தொண்டையில் நிற்காதா? ஆச்சுங்க என்றாள் வேலாத்தாள்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்த வீட்டில் ஒன்பது பறந்துவிட்டது. மானம் மட்டும் போக மாட்டேன் என்று வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கையைக் கழுவிவிட்டு விஜயராணி பெரிய போன் மாதிரி இருந்த டேப்பில் ஏதேதோ தட்டினாள். பையிலிருந்து, நோஞ்சான் பிள்ளையைக் கண்டுபிடிக்கிற கலர் போட்ட ஒரு நாடாவை எடுத்து, பிள்ளையின் கையைச் சுற்றிக் கொஞ்சம் அளந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். வேலாத்தாள் பதறிப்போனாள்.

"படுத்துத் தூங்கற புள்ளைய அளக்கறது ஆகாதுங்க அம்மிணி."

தங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லி விஜயராணி நாடாவைச் சுருட்டிக்கொண்டாள். படுத்திருக்கும் உடம்பை எப்போது அளப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை எழுந்ததும் திரும்ப வருகிறேன் என்றாள். வரத்தான் நினைத்தாள், மற்ற வீடுகளிலும் இப்படியே உட்கார வைத்து மோரும் காப்பியுமாகப் பொழுதைச் சாய்த்துவிட்டார்கள்.

அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது வேலாத்தாள் தயங்கித் தயங்கி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சர்வே எப்பங்க எடுப்பீங்க?"

"அதான் எடுத்தாச்சேக்கா!"

வேலாத்தாளுக்கு முதலில் விளங்கவில்லை. இவ்வளவு நேரமும் அந்தப் பெண் முறை தெரிந்து நலம் விசாரிக்கிறது, நாமும் முறையாகப் பதில் சொல்கிறோம், சாப்பிட்டு முடித்ததும் சர்வே தொடங்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டைக்கூட எடுத்து மடியில் வைத்திருந்தாள். கேட்டதெல்லாம்தான் சர்வே என்று தெரிந்தபோது அவள் அந்தக் கார்டைக் கையால் மூடிக்கொண்டாள். இப்போது சொல்லலாம். அம்மிணி, நான் சொன்னது மரியாதைக்குங்க, நிஜம் அது இல்லீங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய்வரைக்கும் வந்தது. எதிரே அந்தப் பெண் உண்ட களைப்போடு சிரித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு ஒன்றுமில்லை, அந்த முட்டை என் பிள்ளைக்கு வைத்தது என்று இப்போது சொன்னால் அதற்குப் பெயர் சர்வே இல்லை, சொல்லிக்காட்டுவது. போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? போயிட்டு வாங்க என்றாள் வேலாத்தாள்.

மதி எழுந்து நேராகப் பானைக்குப் போய்க் கையை விட்டாள். முழங்கைவரை விட்டுத் தேடினாள். பூனை தூக்கிக்கொண்டு போய்விட்டது கண்ணு என்று வேலாத்தாள் சொன்னாள். பிள்ளை அதை நம்பிப் பூனையைத் திட்டியது.

பங்குனி முடிவில் பழனாத்தாள்தான் மறுபடி சேதி சொன்னாள். பால்வாடி மேற்கே வேறு ஒரு ஊருக்குப் போய்விட்டது. வேலங்காட்டுவலசில் சோற்றுக்குக் குறையில்லை, பருப்பும் முட்டையும் தாராளம் என்று கணக்கு வந்திருக்கிறதாம். அழுகிற பிள்ளைக்குத்தான் பால், நாம் எல்லாம் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம் என்று சொல்லிப் பழனாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுமே அன்றைக்கு ஆச்சுங்க சொல்லி, கடன் வாங்கின பாலில் காப்பி போட்டுக் கொடுத்தவள்தான். யாரைத் திட்டுவது? கேட்டவள் கேட்டதை எழுதினாள். சொன்னவர்கள் சொல்லத் தெரிந்ததைச் சொன்னார்கள். வானத்தைத் திட்டலாம், அது காதில் வாங்காது.

சித்திரை வெயில் அந்த வருஷம் மனிதர் தாங்குகிற வெயிலாக இல்லை. களத்தில் மதி நிழலைத் தேடி நகர்வதை நிறுத்திவிட்டு, வைத்த இடத்திலேயே படுத்துக்கொண்டாள். ஒருநாள் வயிற்றுப்போக்குப் பிடித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிப்பதுதான். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், நர்சிடம் காட்டி மாத்திரை கொடுத்தார்கள். நிற்கவில்லை. கண் உள்ளே போனதும் நல்லான் பயந்துபோய் ஆட்டோ பிடித்தான். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயது கேட்டார். மூணு முடிஞ்சு நாலு நடக்குதுங்க என்றாள் வேலாத்தாள். டாக்டரம்மா பிள்ளையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார். கையைப் பிடித்து நரம்பு தேடினார், பாட்டில் ஏற்றினார், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். நோய் பெரிதில்லை, எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை என்று நல்லானைத் தனியாக அழைத்துச் சொன்னார். விடியற்காலையில் மதி தண்ணீர் கேட்டாள். வேலாத்தாள் ஸ்பூனில் கொடுத்தாள். இரண்டாவது ஸ்பூன் வாயோரமாக வழிந்துவிட்டது.

காட்டோரத்தில் வேலமரத்தடியில் அடக்கம் செய்தார்கள். குழி வெட்ட வந்தவர் பாயில் கிடந்த பிள்ளையைக் கோல் வைத்து அளந்தார். வேலாத்தாள் அதைப் பார்த்தாள்.

எழவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. உறவுக்காரர்கள் தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்தார்கள். சுவரில் சாய்ந்து கிடந்தவளின் தோளைத் தொட்டு ஒரு அத்தை, ஒருவாய் உண்டாயா சாமி என்று கேட்டாள். ஆச்சுங்க என்றாள் வேலாத்தாள். அழாமல் இருந்தவர்கள்கூட அப்போது அழுதுவிட்டார்கள்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், இரண்டாம் தடவை சர்வேக்கு விஜயராணி வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. போன தடவை சாப்பாடு போட்ட வீடு என்ற நினைப்பில், பிள்ளைக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, பாப்பா இன்னைக்கும் தூங்குதாக்கா என்று கேட்டாள்.

வேலாத்தாள் சொன்னாள். எந்த மாதம், என்ன நோய் என்று நிதானமாகச் சொன்னாள். விஜயராணி வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கொடியில் ரோஸ் கவுன் மடித்துப் போட்டிருந்தது. செக்கிங் பார்த்த கை சும்மா இருக்குமா? அழுதுகொண்டே, தன்னை அறியாமல் கழுத்துப் பக்கத்தைப் புரட்டிச் சீட்டைப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு மாதம் என்று போட்டிருந்தது.

"இந்தக் கவுன் எப்பக்கா போட்டது?"

"கடைசி வரைக்கும் அதத்தானுங்க போட்டிருந்தா."

விஜயராணி வாழைப்பழத்தைச் சுவரோரமாக வைத்துவிட்டுச் சேரில் உட்கார்ந்துவிட்டாள். வேலாத்தாள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்து, சர்வே எடுங்க அம்மிணி என்றாள். வேண்டாமக்கா, இன்னொரு நாள் வருகிறேன் என்று விஜயராணி கெஞ்சினாள். எடுங்கள், எடுங்கள் என்று அவள் விடவில்லை. பழனாத்தாள் வீட்டில் பேத்தி சோறு உண்ணப் பழகுகிறாள். இன்னும் இரண்டு வீட்டில் கைப்பிள்ளைகள். இந்த முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று வேலாத்தாள் மாதக்கணக்காக ஒரு பதிலைச் சேர்த்து வைத்திருந்தாள். விஜயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பைத் திறந்தாள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் என்பது முதல் கேள்வி. இல்லை என்று தட்டினாள். சாப்பாட்டுக் கேள்விகள் வரவில்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் அந்தக் கேள்விகள். நன்றி என்று காட்டிவிட்டு டேப் அடுத்த வீட்டின் எண்ணைக் கேட்டது.

"அடுத்தது கேளுங்க" என்றாள் வேலாத்தாள்.

"அவ்வளவுதான்க்கா. முடிஞ்சிருச்சு."

"உண்டாச்சான்னு கேப்பீங்களே. அதக் கேளுங்க."

விஜயராணி டேப்பை மூடி மடியில் கவிழ்த்து வைத்தாள். சேரிலிருந்து இறங்கி அவளுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"இல்லீங்க" என்றாள் வேலாத்தாள். "இன்னைக்கும் இல்லீங்க. நீங்க வந்தீங்களே, அன்னைக்கும் இல்லீங்க. எம்பட புள்ளையும் சோறு உங்கலீங்க."

தொடையில் கிள்ளு வாங்கிய நாளுக்கப்புறம், சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு அவள் இல்லை என்று சொன்னது அப்போதுதான். முட்டையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவே மாட்டாள். ஆனால் விஜயராணி சேரையும் அடுப்பையும் அரிசிப் பானையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. வெயிலில் வந்த பெண்ணின் முகம் வாடியிருப்பதைக் கண்டதும், பழக்கதோஷம், வேலாத்தாளின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நீங்க உண்டாச்சுங்களா அம்மிணி?"

விஜயராணி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"ஆச்சுங்க" என்றாள்.

வேலாத்தாள் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்கூட்டி கிளம்பிப் போகிறவரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து வாழைப்பழத்தைப் பழனாத்தாள் வீட்டுப் பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.